செவ்வாயில் துளை போட்டவள் வீட்டுப் பந்தக்கால்

உட்கார இடமில்லாத ஒரு வண்டியை மனுஷன் எதற்குச் செய்வான் என்பது காத்தானுக்குப் பிடிபடவில்லை. ஆறு சக்கரம் இருந்தது. முன்னால் முண்டும் முடிச்சுமாக ஒரு கை நீட்டிக்கொண்டிருந்தது. கொக்குக் கழுத்து மாதிரி ஒரு கம்பம், அதன் உச்சியில் தபால் பெட்டி மாதிரி ஒரு தலை. டிரைவர் சீட் இல்லை. சுமை ஏற்றத் தொட்டி இல்லை. மகள் பூவிழி மடிக்கணினியைத் திருப்பிக் காட்டியபோது, வயலில் பாதி அறுத்துவிட்டுப் பழுதாகி நிற்கும் அறுவடை மெஷினைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார்.

"இதுதான் செவ்வாய்க்குப் போயிருக்கா?"

"ஆமாப்பா. அங்கதான் நிக்குது."

"அங்க ஆளே இல்லங்கிற. அப்ப இதப் படம் புடிச்சவன் யாரு?"

"அதுவே கைய நீட்டிப் புடிச்சிக்கிட்டது."

"அங்க போயும் செல்பியா?" காத்தான் மூக்கால் சிரித்தார். "சுத்துப்பட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. யாருக்குக் காட்டப் போவுதாம்?"

பூவிழிக்குக் கல்லைப் படிப்பது வேலை. திருச்சியில் படித்து, வெளிநாட்டுக்குப் போய் இன்னும் படித்து, இப்போது அந்த வண்டி அனுப்பும் படங்களைப் பார்த்து எந்தக் கல் எப்படி வந்தது என்று சொல்லும் கூட்டத்தில் ஒருத்தியாக இருந்தாள். கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தவள், லீவு என்று பேர்தானே தவிர, காலையில் பல் விளக்கிய கையோடு செவ்வாயைத்தான் திறந்தாள். கல்லைப் பார்க்கச் சம்பளம் கொடுப்பவனையும், சம்பளம் வாங்கிக்கொண்டு கல்லைப் பார்ப்பவர்களையும் காத்தான் ஒரே தட்டில்தான் வைத்திருந்தார். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அவர். படித்தவன் வயலுக்கு வந்தால் வயலுக்கு ஏதோ கேடு வருகிறது என்பது அவர் அனுபவம்.

"அது நிக்கிற எடம் என்னன்னு தெரியுமாப்பா? டெல்டா. ஆறு வந்து மண்ணக் கொட்டிக் கொட்டி உண்டான எடம். நம்ம ஊரு மாதிரியே."

"தண்ணி எங்க?"

"இப்ப இல்ல. முந்நூறு கோடி வருசத்துக்கு முன்னாடி ஓடிச்சு."

"மேட்டூர்ல கேட்டுப் பாத்தீங்களா?"

பூவிழி சிரித்துவிட்டாள். காத்தான் சிரிக்கவில்லை. முத்துப்பேட்டைக்கு வடக்கே, கடைமடையில், தண்ணீர் வந்தால் சம்பா, வராவிட்டால் தரிசு என்று காலம் தள்ளியவருக்கு அது வேடிக்கைப் பேச்சில்லை. அடுத்த படத்தில் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அவர் விரலை நீட்டினார்.

"இது வண்டலு. சித்திரையில நம்ம வயக்காடு இப்படித்தான் வெடிக்கும். இதச் சொல்ல ஒரு படிப்பு வேணுமா?"

"இல்லப்பா. இது நெருப்புக் கொழம்பு ஆறி இறுகுன கல்லு. வண்டல் அந்தாண்ட, அந்த மேட்டுல இருக்கு."

"எல்லாம் ஒண்ணுதான்" என்று எழுந்து போய்விட்டார்.

வினை வந்தது மாப்பிள்ளை பக்கத்திலிருந்து. மாப்பிள்ளை செழியன் பேராவூரணிக்காரன், தென்னந்தோப்பு வீட்டுப் பிள்ளை. நல்ல பையன்தான். ஆனால் அவனுக்கு நண்பர்கள் இருந்தார்கள். அந்த நண்பர்கள் கல்யாணப் பெண்ணின் ஊரில், பஸ் நிறுத்தத்தில், மின் கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் இடையே ஒரு பிளக்ஸ் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். இடது பக்கம் கூலிங்கிளாஸ் போட்ட செழியன். வலது பக்கம் பூவிழி. நடுவில் அந்த ஆறு சக்கர வண்டி, கையை நீட்டிக்கொண்டு. கைநுனியில் துளைக்கும் கருவியிலிருந்து தீப்பொறி பறப்பதாக ஒரு நண்பன் தன் கைவரிசையைச் சேர்த்திருந்தான்.

காத்தான் டீக்கடைக்கு வந்தபோது அதன் அடியில் கூட்டம் நின்றது. கூட்டத்தின் முன்னால் வைத்தியலிங்கம். காத்தானின் அத்தை மகன். வைத்தியலிங்கம் வாயைத் திறந்தால் 'மச்சான்' என்பார். காத்தான் எட்டு வருஷமாக அவரை எந்த உறவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

"வா மச்சான், வா. கண்ணாடி கொண்டு வரலையா? நான் படிக்கிறேன் கேளு." வைத்தியலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "'செவ்வாய் மண்ணைத் துளையிடும் தஞ்சைத் தரணியின் தங்கமே!' கேட்டுச்சா? துளையிடுமாம்."

டீக்கடைக்கார நெய்னா முகம்மது ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே நிறுத்தினார். சிரித்துக்கொண்டிருந்த இரண்டு மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். அந்த ஊரில் அந்த வார்த்தைக்கு அப்படி ஒரு மரியாதை.

எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் முதலில் வந்தபோது மண்ணைப் பார்க்கத்தான் வந்தோம் என்றார்கள். ஒரு சின்னத் துளை, பூமிக்கு அடியில் என்ன இருக்கிறதென்று பார்த்துவிட்டு மூடிவிடுவோம் என்றார்கள். பார்த்தார்கள். பிறகு பெரிய துளை போட்டார்கள். பிறகு குழாய் பதித்தார்கள். ஒரு மழைக்காலத்தில் குழாய் வெடித்து, நடவு முடிந்த வயலில் கருப்பாக ஒன்று மிதந்தது. ஊர் திரண்டு வயலில் உட்கார்ந்தது. போலீஸ் தூக்கிப்போனவர்களில் காத்தானும் ஒருவர். திரும்பி வந்த அன்று, நடுவயலில் நின்று எல்லோரையும் ஆளுக்கொரு கைப்பிடி சேற்றை எடுக்கச் சொல்லி அவர்தான் கட்டுப்பாடு சொன்னார்: "தொளை போடுறவன்கிட்ட எவன் வேலைக்குப் போறானோ, அவன் வீட்டுப் பந்தக்காலுக்கு இந்த ஊரு கை வைக்காது."

அந்தப் பக்கத்தில் கல்யாண வீட்டுப் பந்தலுக்கு முதல் மூங்கிலை ஊர்தான் நடும். வீட்டுக்காரன் குழி வெட்டலாம், பால் ஊற்றலாம், மூங்கிலைப் பிடித்து நிறுத்துவது ஊராரின் கை. ஊர் நடாத பந்தலுக்குள் நடக்கும் கல்யாணத்தைச் சம்பந்தி வீட்டார் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

கட்டுப்பாட்டுக்கு முதலில் சிக்கியவர் வைத்தியலிங்கம். அவர் மகன் நெடுமாறன் கம்பெனிக்குத் தண்ணீர் லாரி ஓட்டினான். அவர் மகள் கல்யாணத்துக்கு ஊர் கை வைக்கவில்லை. சீர்காழியிலிருந்து கூலிக்கு ஆள் கூட்டிவந்து பந்தக்கால் நட்டார். அன்று தெருமுனையில் நின்று, யாரும் உள்ளே போய்விடக்கூடாதென்று காவல் காத்தவர் காத்தான்.

"ஒம் பொண்ணு கல்யாணத்துக்கு வெள்ளிக்கெழம பந்தக்காலு" என்றார் வைத்தியலிங்கம். "கட்டுப்பாடு போட்டவன் வீட்டுக்குக் கட்டுப்பாடு உண்டா இல்லையான்னு தலைவர்கிட்ட கேட்டுடலாமா?"

"கேளு. நல்லாக் கேளு." காத்தான் டீ குடிக்காமலே திரும்பினார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் முன்னால் போய் நின்றார்.

"அந்த வண்டி தோண்டுதா?"

"என்னப்பா?"

"கேட்டதுக்குப் பதிலு. தோண்டுதா, இல்லையா?"

"தோண்டுது."

மனைவி நீலாம்பாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க, வந்ததும் வராததுமா?"

"நீ சும்மா இரு. எவ்வளவு ஆழம்?"

பூவிழி சுண்டுவிரலைக் காட்டினாள். அப்பன் முதல்முறையாகத் தன் வேலையைப் பற்றிக் கேட்கிறார் என்ற சந்தோஷத்தில் அவளுக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. முதலில் கல்லின் மேல்தோலைத் தேய்த்து எடுக்கும், உள்ளே என்ன நிறம் என்று பார்க்கும், வெளிச்சத்தைப் பாய்ச்சி அதில் என்னென்ன இருக்கிறதென்று கண்டுபிடிக்கும், பிடித்திருந்தால் விரல் கனத்துக்கு ஒரு துண்டை உருவி எடுத்துக் குழாயில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடிவிடும். காத்தான் கேட்டுக்கொண்டே இருந்தார். மறுநாளும் கேட்டார். எந்தக் கல்லைத் தோண்டுவதென்று யார் சொல்வது? ஒருத்தர் வேண்டாமென்றால் என்ன ஆகும்? கல்லில் எதைத் தேடுகிறார்கள்? சேற்றில் எப்போதோ கண்ணுக்குத் தெரியாத உயிர் ஏதாவது வாழ்ந்து செத்த தடயம் இருக்கிறதா என்று தேடுவதாகச் சொன்னாள். செத்ததைத் தேடவா இவ்வளவு தூரம் என்று அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"சரி, மூடுன குழாய எப்ப எடுத்தாருவீங்க?"

"அதுக்கு வேற வண்டி போவணும்ப்பா. இன்னும் முடிவாவல. கொஞ்சம் வண்டிக்குள்ள இருக்கு. கொஞ்சத்த அங்கயே ஒரு எடத்துல கீழ வச்சிருக்கோம்."

காத்தான் அவளை உற்றுப் பார்த்தார். "எடுத்தார வண்டி இல்ல?"

"இப்போதைக்கு இல்ல."

"தோண்டி, எடுத்து, மூடி, கீழ போட்டாச்சு. எடுத்தார வண்டி இல்ல."

"அப்படிச் சொன்னா ஒரு மாதிரியா இருக்கு. ஆனா, ஆமா."

காத்தான் முகத்தில், நாள்கணக்காக வராத வாய்க்காலில் தண்ணீர் தலை காட்டியது போன்ற தெளிவு வந்தது. மகள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். "பாத்தியாம்மா, அப்பாவுக்குப் புடிச்சிப் போச்சு" என்று அடுப்படிக்குச் சொன்னாள்.

புதன்கிழமை சாயங்காலம் புயல் பாதுகாப்பு மையத்தின் முன்னால் ஊர் கூடியது. ஊர்த் தலைவர் குழந்தைராஜ் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் பகைக்காமல் எல்லோருக்கும் இடம் பண்ணிக்கொடுத்துப் பழகிய மனுஷன். வைத்தியலிங்கம் தன் கேள்வியைக் கேட்டார். குழந்தைராஜ் காத்தானைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க அண்ணே?"

காத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"கம்பெனிக்காரன் என்ன பண்ணுனான்? தோண்டுனான். எடுத்தான். கொண்டு போனான். அது திருட்டு. கட்டுப்பாடு திருட்டுக்குப் போட்டது. இந்த வண்டி என்ன பண்ணுது? அடிச்சிப் புடிச்சி அம்மாந்தூரம் போவுது. ஆளு வந்தா கூட உக்கார முடியாது. கல்லச் சொரண்டும். மொறச்சுப் பாக்கும். சுண்டுவெரல் கனத்துக்குத் தோண்டும். எடுத்த கல்லக் குழாயில போட்டு மூடும். மூடிட்டு என்ன பண்ணும்னு நெனக்கிறீங்க?" கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "கீழ போட்டுட்டுப் போயிடும்! எடுத்தார வண்டிய இன்னும் செய்யலையாம்!"

யாரோ குபீரென்று சிரித்தார்கள்.

"நெல்ல அறுத்து, தூத்தி, மூட்டையக் கட்டி, தச்சு, நடுவயல்ல போட்டுட்டு, இனிமேத்தான் மாடு வாங்கணும்னு ஒருத்தன் வீட்டுக்குப் போனா அவனத் திருடன்னா சொல்லுவீங்க? கூறுகெட்டவன்னு சொல்லுவீங்க. எம் பொண்ணு பாக்குறது கூறுகெட்ட வேலை. திருட்டு வேலை இல்ல. கூறுகெட்டவனுக்கெல்லாம் கட்டுப்பாடு போட ஆரம்பிச்சா, இந்த ஊருல மூங்கிலப் புடிக்க ஒரு கை மிஞ்சாது!"

மையத்தின் சுவரில் பட்டுச் சிரிப்பு எதிரொலித்தது. நெய்னா முகம்மது கண்ணைத் துடைத்துக்கொண்டார். குழந்தைராஜ் கூட வாயைப் பொத்திக்கொண்டு, "அப்ப சரி, அண்ணன் சொல்றது நியாயமாத்தான் தெரியுது" என்று எழ ஆரம்பித்தார். வைத்தியலிங்கம் கிளம்புவதற்குத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். காத்தான் உட்காரப் போனார்.

"அப்பா சொல்றது சரியில்ல."

பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து பூவிழி முன்னால் வந்திருந்தாள். நீலாம்பாள் அவள் கையைப் பிடித்து இழுப்பது தெரிந்தது. அவள் கையை உதறிக்கொண்டாள்.

"கீழ போட்டுட்டுப் போவல. எடுக்குறதுக்குன்னு வச்சிருக்கோம். நாங்க எடுக்காட்டி எங்களுக்கு அப்புறம் வர்றவங்க எடுப்பாங்க. கூறுகெட்ட வேலை இல்ல அது. அந்தக் கல்லுல என்ன இருக்குன்னு தெரிஞ்சா, உசுருன்னு ஒண்ணு இந்த பூமிய விட்டா வேற எங்கயாவது இருந்துச்சான்னு தெரியும். நாங்க தோண்டுறோம். தெரிஞ்சுதான் தோண்டுறோம். ஒரு கல்லத் தோண்டணும்னு நானே சொல்லியிருக்கேன். தோண்டுனாங்க."

"கேட்டுக்கிட்டீங்களா?" வைத்தியலிங்கத்துக்கு உயிர் வந்துவிட்டது. "அந்தப் பொண்ணுக்கு அப்பன விட வாய் சுத்தம்."

"அங்க வயலு இல்ல மாமா, குடி இல்ல. யாரு வயித்துல அடிக்கிறோம்?"

"தரிசுதானே, யாருக்கு நட்டம்னு நம்மகிட்டயும் கம்பெனிக்காரன் அப்படித்தாம்மா சொன்னான்." இது பின்வரிசையிலிருந்து வந்தது. போராட்டத்தில் காத்தான் மூச்சுக்கு மூச்சு எடுத்துக்காட்டிய பேச்சு அது.

வைத்தியலிங்கம் இப்போது குரலைத் தாழ்த்திப் பேசினார். "எம் மவன் தொளை போடலங்க. தண்ணி லாரி ஓட்டுனான். தொளை எங்க இருக்குன்னு கூட அவனுக்குத் தெரியாது. இந்தப் பொண்ணு எந்த எடத்துல போடுறதுன்னே சொல்லுது. அவனுக்கு ஒரு சட்டம், இவளுக்கு ஒரு சட்டமா? அத மட்டும் சொல்லிடுங்க, நான் வீட்டுக்குப் போறேன்."

குழந்தைராஜ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் காத்தானைப் பார்க்காமல் சொன்னார். "மண்ண எடுத்துச் சொன்ன கட்டுப்பாடு. பொண்ணு தானே ஒத்துக்கிட்ட பெறவு நான் என்ன சொல்ல. ஊரு கை வைக்காது."

பிறகு ஒருத்தர் கேட்டார்: "பந்திக்கு வரலாம்ல?"

"கட்டுப்பாடு பந்தக்காலுக்குத்தானே. பந்தியப் பத்தி ஒண்ணும் சொல்லலையே" என்றார் தலைவர்.

கூட்டம் நிம்மதியாகக் கலைந்தது. நீலாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முன்னால் போய்விட்டாள். காத்தானும் மகளும் வாய்க்கால் கரையோடு நடந்தார்கள்.

"வாய மூடிக்கிட்டு நின்னிருந்தா முடிஞ்சிருக்கும்" என்றார் காத்தான்.

"நீங்க நின்னிருப்பீங்களா?"

அவர் கரையில் கிடந்த முள்ளைக் காலால் தள்ளிவிட்டு நடந்தார்.

"ரெண்டு நாளா அவ்வளவு கேட்டீங்களேப்பா. ஆசையாக் கேக்குறீங்கன்னு நெனச்சேன்."

"ஊரு வாய அடைக்கக் கேட்டேன்."

"நெசமாவே கூறுகெட்ட வேலைன்னுதான் நெனக்கிறீங்களா?"

அடுத்தவர் மனசு நோகாமலிருக்க ஒரு வார்த்தையை மாற்றிச் சொல்லும் பழக்கம் காத்தானுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பொண்டாட்டிக்குச் சொன்னதில்லை, போலீசுக்குச் சொன்னதில்லை. "ஆமா" என்றார். பூவிழி தலையை ஆட்டிக்கொண்டாள். அழவில்லை. நடை மட்டும் வேகமாகி, அவருக்கு முன்னால் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை பேராவூரணியிலிருந்து சம்பந்தி வீட்டார் பத்து மணிக்கு வருவதாக இருந்தது. அவர்கள் வந்து இறங்கும்போது மூங்கில் நின்றாக வேண்டும். விடிந்ததும் காத்தான் வாசலின் ஈசான மூலையில் கடப்பாரையைப் போட்டார். ஒரு முழம் போனதும் கீழே பழைய சப்பைக்கல் தட்டுப்பட்டது. நகர்த்தி வெட்டினார். நீலாம்பாள் மஞ்சள் தடவி மாவிலை கட்டி வைத்திருந்த மூங்கில் வீட்டுக் கூரையை விட உயரம். கூலிக்கு ஆள் கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. அன்று சீர்காழி ஆட்களைப் பார்த்து அவர் காறித் துப்பியது தெருவுக்கே தெரியும்.

பூவிழி வந்து மூங்கிலின் நடுவைப் பிடித்தாள்.

"கல்யாணப் பொண்ணு தொடக் கூடாதுடி!" என்றாள் நீலாம்பாள்.

"ஊரும் தொடாது, நானும் தொடக் கூடாதுன்னா அதுவா எந்திரிச்சு நிக்குமா?"

அப்பனும் மகளும் தூக்கினார்கள். அடி குழியில் இறங்கியது. நுனி தெருப் பக்கம் சாய்ந்தது. இழுத்தார்கள், வீட்டுப் பக்கம் சாய்ந்தது. எதிர் வீடுகளில் பல் குச்சியும் பிரஷ்ஷுமாக ஊர் நின்று பார்த்தது. ஒருத்தன் காலும் வாசலைத் தாண்டவில்லை. நுரையைத் துப்புவதற்கு மட்டும் குனிந்தார்கள்.

"கோடி மைலுக்கு அந்தாண்ட தோண்டுறாளாம். ஒரு குழியில ஒரு மூங்கில நிறுத்தத் தெரியல" என்று காத்தான் மூச்சு வாங்கினார்.

"அங்க தோண்டுனதெல்லாம் நேராத்தான் இருக்கு. இந்தக் குழிய வெட்டுனது நீங்க."

சைக்கிள் மணி கேட்டது. வைத்தியலிங்கம். பின்னால் மகன் நெடுமாறன் நடந்து வந்தான். வைத்தியலிங்கம் சைக்கிளை எதிர்ச் சுவரில் சாய்த்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார். மூங்கில் மூன்றாம் முறை சாய்ந்தபோது அவரால் பொறுக்க முடியவில்லை.

"கல்யாணத்துக்கு நடுறியா, மாடு கட்ட நடுறியா மச்சான்? பாக்கச் சகிக்கல."

"சகிக்கலன்னா கண்ண மூடிக்க."

"டேய் நெடுமாறா, அந்தப் பக்கம் போயிப் புடி."

"யாரும் தொட வேணாம்" என்று காத்தான் கத்தினார். "கட்டுப்பாடு இருக்கு."

"ஊரு கை வைக்காதுன்னுதானே கட்டுப்பாடு?" வைத்தியலிங்கம் சட்டைக் கையை மடித்துக்கொண்டே குழியருகே வந்தார். "என்னத்தான் நீ எட்டு வருசத்துக்கு முன்னாடியே ஊருலேருந்து தள்ளிட்டியே. நான் எந்த ஊரு? எனக்கு எந்தக் கட்டுப்பாடு? நவுரு அந்தாண்ட. உனக்காவ வரல. ஊரு மூஞ்சிக்கு நேரா உண்மையச் சொன்னிச்சே அந்தப் பொண்ணு, அதுக்கு வந்தேன்."

காத்தான் பிடியை விடவில்லை. மூங்கில் இருவருக்கும் நடுவில் ஆடியது. வாசலில் நீலாம்பாள் பால் செம்போடு நின்றாள். தெரு துப்புவதைக் கூட நிறுத்திவிட்டிருந்தது. பூவிழி மூங்கிலை விட்டுவிட்டு ஒதுங்கி நின்றாள். அவள் கை எடுத்ததும் முழு எடையும் காத்தான் தோளில் இறங்கியது. அவருக்கு எழுபது வயது. ஒரு அடி பின்வாங்கினார்.

அந்த ஒரு அடியில் நெடுமாறன் உள்ளே புகுந்துகொண்டான். மூன்று பேராகத் தூக்கியதும் மூங்கில் குழியின் நடுவில் போய் உட்கார்ந்தது. நீலாம்பாள் பாலை ஊற்றினாள், நவதானியத்தைப் போட்டாள். வைத்தியலிங்கம் காலால் மண்ணைத் தள்ளி மிதித்தார்.

"நல்லா மிதி. குதிங்கால்ல மிதி" என்றார் காத்தான்.

"எனக்கு மிதிக்கத் தெரியும்."

மண் இறுகியதும் வைத்தியலிங்கம் தள்ளி நின்று ஒற்றைக் கண்ணை மூடி மூங்கிலைப் பார்த்தார். நேராகத்தான் இருந்தது. பிறகு கையைத் தட்டிக்கொண்டு சைக்கிளை எடுக்கப் போனார். நெடுமாறனும் பின்னால் போனான்.

நீலாம்பாள் புருஷனைப் பார்த்தாள். பூவிழியும் பார்த்தாள். காத்தான் கடப்பாரையைப் பிடுங்கி மண்ணைத் தட்டினார். சாப்பாட்டில் கல் அகப்பட்டது போல வாயை இப்படியும் அப்படியும் கோணினார்.

"மச்சான்" என்றார். "உள்ள வாங்க. காப்பி குடிச்சிட்டுப் போங்க."

வைத்தியலிங்கம் ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி திரும்பினார். "எனக்குக் கேட்டுச்சு. அந்தக் கோடியில பிரஷ்ஷோட நிக்கிறானே, அவனுக்குக் கேக்கல போலருக்கு."

காத்தான் எதிர்ச் சாரியை ஒரு முறை வெறுப்போடு பார்த்தார். கடப்பாரையைத் தரையில் குத்தி நிறுத்திவிட்டு, கோடி வீடு வரைக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை கூப்பிட்டார்.